கருவியும் கற்பனையும்

வேடம் புனைந்து, பிறிதோர் உயிராய் நின்று, அவ்வுயிரின் இன்ப துன்பங்களைத் தன்னவையாக்கி ஆடும் வேட்கை மனிதனுக்குப் புதிதன்று. ஆடுகளமே காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. கோயில் முன்றிலும் அறுவடை முடிந்த வயலும் களமாயிருந்த காலம் ஒன்று. திரைச்சீலை கட்டிய மேடை களமாயிருந்த காலம் ஒன்று. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடித் திரையே களமாகிவிட்டது. அதனுள் புகுந்த இளைஞன் வாளேந்திய வீரனாகலாம். மந்திரம் கற்ற முனிவனாகலாம். நாடிழந்து அலையும் ஏதிலியாகலாம். தான் ஏற்ற பாத்திரத்துக்காகத் தானே முடிவெடுக்கிறான். அம்முடிவின் விளைவையும் தானே சுமக்கிறான். இதனைப் பாத்திரமேற்கும் வீடியோ விளையாட்டு என்பர்.

இத்தகைய விளையாட்டைச் சிறக்கச் செய்வது எது? ஒவ்வோர் இலையையும் நீர்த்துளியையும் உள்ளவாறே தீட்டிக் காட்டவல்ல இயந்திரத்தின் ஆற்றலா? அன்றி, பாத்திரம், விதி, தெரிவு, விளைவு ஆகியவற்றை இணைத்துப் பின்னும் படைப்பாளியின் கற்பனை அமைப்பா? மேலைநாட்டாரும் கீழைநாட்டாரும் பல்லாண்டுகளாக வாதிட்டுவரும் வினா இது.

பூண்டுலோயாவிலே, தேயிலை மலைகளுக்கு நடுவே இருந்துகொண்டு இவ்வினாவை ஆராய்வது வேண்டாத வேலை எனச் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு இடமில்லை. இயந்திர ஆற்றலே அனைத்தையும் தீர்மானிக்குமாயின், நம் பிள்ளைகள் என்றென்றும் பிறர் செய்ததை வாங்குவோராகவும், வாங்க இயலாதபோது ஏங்குவோராகவும் இருப்பதன்றி வேறு வழியில்லை. கற்பனை அமைப்பே முதன்மையானது எனின், அவர்கள் ஆக்குவோரும் ஆகலாம். ஆகவே இவ்வினாவின் விடை அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் எவ்வளவு உரியதோ அதனினும் மிகுதியாக நமக்கு உரியது.

விலையும் வேதனமும்

முதலில் கணக்கைப் பார்ப்போம். சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 என்னும் விளையாட்டுப் பொறி 2020 நவம்பரில் வெளிவந்தபோது அதன் விலை 499 அமெரிக்க டாலர். ஒரு டாலரை 300 ரூபாய் என வைத்துக்கொண்டால், வரியும் வணிகர் இலாபமும் சேராமலே 149,700 ரூபாய் ஆகிறது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அதன்படி, உண்ணாமலும் உடுக்காமலும் 111 நாட்கள் கொழுந்து பறித்தால் அப்பொறி ஒன்றை வாங்கலாம். 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்த, வருகைக் கொடுப்பனவு உள்ளிட்ட 1,750 ரூபாயைக் கொண்டு கணக்கிட்டாலும் 86 நாட்கள் வேண்டும். பொறிக்குள் இடும் புதிய விளையாட்டு ஒன்றின் விலை 70 டாலர் எனின், அதற்கு மேலும் அரை மாதத்துக் கூலி.

இவ்விலை இறங்கும் என்ற நம்பிக்கையும் பொய்த்துவருகிறது. ஒரு பொறி வெளிவந்து ஆண்டுகள் செல்லச் செல்ல மலிவதே முன்னாளைய வழக்கம். ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே இப்பொறிக்கு மேலும் 50 டாலர் ஏற்றினர். அவ்வாண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக் கொண்டமையால் கணினி நினைவகத்தின் விலையும் உயர்ந்தது. ஆற்றல்மிக்க இயந்திரம் ஏழைக்கு எட்டும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. இந்நிலையில், ஆற்றலின்றி அழகில்லை என்னும் கொள்கையை ஆராயாது ஏற்பது நம் கதவை நாமே தாழிடுவதாகும்.

தப்பொலி சொல்லும் உண்மை

விடையைத் தேடி வெளிநாடு செல்லுமுன் நம் லயத்து வாசலை நோக்குவோம். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் பிறை தோன்றியதும் காமன் கம்பம் நடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் காமதகனம் நிகழும். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதன், தடுத்துப் புலம்பும் ரதி, ஓலை கொண்டு வரும் தூதன், உயிர் கொள்ள வரும் எமன், சினந்து எழும் வீரபத்திரன் என ஊரறிந்த மனிதரே ஊரறிந்த வேடங்களை ஏற்பர். காப்புக் கட்டி விரதமிருந்து ஆடுவர். மேடை தனியே இல்லை, தோட்டமே மேடை.

இக்கூத்துக்குரிய கருவிகள் யாவை? அரிதாரம், அட்டையும் காகிதமும் கொண்டு செய்த முடி, கையில் வில், ஒரு கம்பம், தீப்பந்தம், தப்பு. இவ்வளவே. இவற்றைக் கொண்டு ஒரு தேவனை வானுலகிலிருந்து இறக்கி, மூவுலகும் அஞ்சும் நெற்றிக்கண்ணைத் திறந்து, அவனை எரித்துக் காட்டவேண்டும். இயந்திர ஆற்றலை நம்புவோர் இதனை இயலாத செயல் என்பர். கூத்தமைத்த முன்னோரோ ஓர் எளிய வழி கண்டனர். பிறை நாளன்றே கம்பத்தை நட்டு, அதனைக் காமனாகவே கருதி நாள்தோறும் போற்றச் செய்தனர். இரு வாரங்கள் அக்கம்பத்தோடு பழகிய மக்களுக்கு, அது தீப்பற்றும் வேளையில் எரிவது வைக்கோலாகவோ மரமாகவோ தோன்றுவதில்லை. எரிவது காமன், அழுவது ரதி. வேடமேற்றவருக்கு ஊறு இல்லை. காண்போருக்கோ இழப்பு உண்மையானது. பொருளின் விலையன்று, அதனோடு கழித்த காலமும் அதற்குக் கொடுத்த பொருளுமே இவ்விளைவைத் தருகின்றன. கற்பனை அமைப்பு என்று நாம் கூறுவது இதனையே.

தப்பின் கதை இதனினும் தெளிவானது. முன்னாளில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பே. பூண்டுலோயாவுக்கு அண்மையிலுள்ள மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றி, பின்னர் சக்தீ பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கிய நெடுங்கவிதையிலும் அவ்விடியற்காலை ஒலி இடம்பெற்றிருக்கிறது. காலையில் கேட்டால் அது துரையின் கட்டளை. காமன் கூத்து இரவில் கேட்டால் அது தெய்வத்தின் வருகை. தோல் ஒன்று, கோல் ஒன்று, அடிக்கும் கையும் ஒன்று. கருவியின் பொருளை மாற்றியது கருவியன்று. அதனைச் சூழ அமைத்த கூத்து.

பூண்டுலோயாவின் பெருந்தோட்டங்களுள் ஒன்றான டன்சினனின் பெயரும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கிறது. அது ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு குன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தால் உலகறிந்தது. பேர்ணம் காடு டன்சினன் குன்றை நோக்கி நகரும்வரை மக்பெத் மன்னனுக்குத் தோல்வியில்லை என்பது அந்நாடகத்தில் வரும் வாக்கு. காடு நகருமோ என மன்னன் இறுமாந்திருக்க, பகைப்படை வீரர் ஆளுக்கொரு கிளையை வெட்டி ஏந்தி வருகின்றனர், காடு நகர்கிறது. மேடையில் ஒரு காட்டை நிறுத்தும் ஆற்றல் அன்றைய நாடகக் குழுவுக்கு இல்லை. கையிலொரு கிளை போதுமாயிருந்தது. ஏனெனில் அக்கிளைக்குரிய இடத்தைக் கதை முன்பே ஆயத்தம் செய்து வைத்திருந்தது.

நிற்க. கூத்தைப் புகழ்வதால் அதன் குறையை மறைத்தல் தகாது. ரதியாயினும் காளியாயினும் ஆண்களே வேடம் புனைந்தனர். பெண்கள் காண்போராகவே நின்றனர். தப்படித்தவரின் கலையைக் கொண்டாடிய சமூகமே அவரைக் குலத்தின் பெயரால் ஒதுக்கியும் வைத்தது. இன்றைய வீடியோ விளையாட்டு, திரைக்கு முன் அமரும் சிறுமியை நோக்கி, நீ யார் வீட்டுப் பிள்ளை என வினவுவதில்லை. அவள் மன்மதனாகவும் வீரபத்திரனாகவும் ஆகலாம். இயந்திரம் நமக்குத் தந்த பெருங்கொடை ஒளியும் நிழலுமன்று. வேடம் எவருக்கும் பொது என்னும் இந்நிலையே எனலாம்.

எழுத்தும் எண்ணும் படைத்த உலகங்கள்

இனி உலக வரலாற்றுக்கு வருவோம். பாத்திரமேற்கும் விளையாட்டு இயந்திரத்தில் பிறந்ததன்று. 1974-இல் அமெரிக்கரான கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதற்கு வேண்டியவை காகிதம், பென்சில், பகடைக்காய், கதை சொல்ல ஒருவர், கதைக்குள் வாழச் சிலர். பாத்திரத்தின் வலிமையும் அறிவும் எண்களாகத் தாளில் எழுதப்படும்; ஊழின் பங்கைப் பகடை கூறும். பின்னாளில் கணினிக்குள் புகுந்த இவ்வகை விளையாட்டுகள் அனைத்துக்கும் இக்காகித விளையாட்டே தாய்.

1980-இல் வந்த ‘ரோக்’ என்னும் விளையாட்டில் ஓவியமே இல்லை. நிலவறைச் சுவர்கள் கோடுகள். அரக்கர்கள் ஆங்கில எழுத்துகள். ஆடுபவன் ஒரு சிறு குறி. ஆயினும் ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாய் அமையும். இறந்தால் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். இவ்விரு விதிகள் ஓர் எழுத்தைக் கண்டே மனிதரை அஞ்சச் செய்தன.

1986-இல் ஜப்பானில் யூஜி ஹொரி அமைத்த ‘டிராகன் குவெஸ்ட்’ ஆசிரியர்களும் மாணவர்களும் சிறப்பாக எண்ணிப்பார்க்கத் தக்கது. ஓர் அரசு, ஊர்கள், குகைகள், அரக்கர்கள், போர், பயணம் அனைத்தும் 64 கிலோபைட் அளவுள்ள பேழைக்குள் அடங்கவேண்டும். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதனினும் பன்மடங்கு இடம் கொள்ளும். எழுத்துகளை வைப்பதற்கும் இடம் போதாமையால், ஜப்பானியரின் கதக்கானா வரிசையில் ஏறத்தாழ இருபது எழுத்துகளை மட்டுமே தெரிந்தெடுத்து, அவற்றால் அமையும் பெயர்களையே சூட்டினர். யாப்பின் கட்டுக்குள் நின்று சொல்லைத் தேடும் புலவனின் செயலன்றோ இது! தளை கவிதையைக் கொல்வதில்லை. திறமையுள்ளவன் கையில் அது கவிதைக்கு உருக்கொடுக்கிறது.

1989-இல் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்னும் கைப்பொறியை வெளியிட்டது. அதன் திரையில் வண்ணமில்லை; மங்கிய பச்சையில் நான்கு சாயல்களே உண்டு. வண்ணத் திரையோடு வந்த போட்டிப் பொறிகள் அதன்முன் நிலைக்கவில்லை. அதனை ஆக்கிய குன்பெய் யொகோய், பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புதுநோக்கில் பயன்படுத்தவேண்டும் என்னும் கொள்கையுடையவர். விலை குறைந்தது, மின்கலம் நீண்டநேரம் உழைத்தது, பிள்ளைகள் எங்கும் எடுத்துச் சென்றனர். ஏழு ஆண்டுகள் பழையதாகிவிட்ட அப்பொறிக்கே 1996-இல் சத்தோஷி தஜிரி ‘போக்கேமோன்’ விளையாட்டைப் படைத்தார். சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த இன்பமே அதன் வித்து. 151 உயிரினங்களை இரு பேழைகளில் பகிர்ந்து வைத்து, ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையோடு கம்பியால் இணைந்து மாற்றிக்கொண்டாலன்றி எல்லாவற்றையும் சேர்க்க இயலாதவாறு விதி செய்தார். நட்பே விளையாட்டின் இயந்திரமாயிற்று.

1997-இல் வந்த ‘பைனல் பேண்டஸி 7’ கூறும் பாடம் வேறு. அதில் ஏரித் என்னும் பெண் கதையின் நடுவே கொல்லப்படுகிறாள். அக்காலத்துப் பொறியில் அவள் உருவம் சில கட்டைகளை அடுக்கியதுபோலவே இருந்தது. எனினும் உலகெங்கும் இளைஞர் அவளுக்காகக் கண்ணீர் விட்டனர். காரணம் ஓவியமன்று. ஆடுபவன் அவளைத் தன் குழுவில் வைத்துப் பேணியிருக்கிறான். பிணி தீர்க்கும் ஆற்றலுக்காக அவளை நம்பியிருக்கிறான். அவளுக்கென ஆயுதங்களும் தேடியிருக்கிறான். அவள் மறைந்தபின் குழுவில் ஓர் இடம் வெறுமையாகிறது; அவ்வெறுமையோடு அவன் தொடர்ந்து ஆடவேண்டும். காமன் கம்பத்துக்கும் ஏரித்துக்கும் இடையே மொழியும் சமயமும் கடலும் உள்ளன. அமைப்பின் இலக்கணம் ஒன்றே.

ஆற்றலின் தோல்வியும் வெற்றியும்

ஒருபக்கச் சான்றுகளை மட்டும் அடுக்கித் தீர்ப்புக் கூறுதல் நீதியாகாது. ஆற்றலின் பக்கத்தையும் கேட்போம்.

போலந்து நாட்டு சிடி புரொஜெக்ட் நிறுவனம் பல்லாண்டு விளம்பரத்தின்பின் 2020 டிசம்பர் 10-இல் ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டை வெளியிட்டது. ஒளிவெள்ளத்தில் மிதக்கும் மாநகரை அதுவரை எவரும் காணாதவாறு காட்டவேண்டும் என்பது அதன் பேரவா. பழைய பொறிகளால் அச்சுமையைத் தாங்க முடியவில்லை, உருவங்கள் சிதைந்தன, ஆட்டம் இடையிடையே நின்றது. ஒரு வாரம் சென்றதும் சோனி நிறுவனம் தன் கடையிலிருந்தே அதனை நீக்கிற்று. 2021 ஜூனிலேதான் மீண்டும் ஏற்றது. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. ஆக்கியோர் தளராது திருத்தினர். 2023-இல் பாத்திர வளர்ச்சியின் விதிகளையே மாற்றியமைத்தனர். பழித்தோர் பலர் பாராட்டினர். அதனை வீழ்த்தியது பொறியின் ஆற்றலுக்கு மீறிய ஆசை. எழச் செய்ததோ அமைப்பின் திருத்தம்.

ஆற்றலும் அமைப்பும் கைகோத்த இடமும் உண்டு. பெல்ஜியத்து லேரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘போல்டர்ஸ் கேட் 3’, நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்த பெரும்படைப்பு. ஆடுபவன் எடுக்கும் எண்ணிறந்த முடிவுகளுக்கு நடிகர் குரலும் முகபாவமும் கூடிய மறுமொழி அதில் உண்டு. இதனைப் பணமும் ஆற்றலுமின்றிச் செய்திருக்க இயலாது. ஆனால் அவ்வாற்றல் எதற்குச் செலவிடப்பட்டது என நோக்குக. 1974-இல் காகிதத்தில் பிறந்த விதிகளுக்கும், ஆடுபவனின் தெரிவை மதிக்கும் பண்புக்கும் அது ஏவலாளாக நின்றது. தலைவனாக வீற்றிருக்கவில்லை.

2025 ஏப்ரலில் பிரான்சின் மொன்பெலியே நகரிலிருந்து வந்த ‘கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ மற்றொரு படி. ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட மையக் குழு, பிறர் செய்துவைத்த அன்ரியல் என்னும் மென்பொருளைக் கொண்டும் வெளியார் சிலரின் துணைகொண்டும் அதனை ஆக்கியது. ஆண்டுதோறும் ஓர் ஓவியத் தேவதை ஓர் எண்ணை எழுத, அவ்வயதினர் அனைவரும் மறைந்துபோகும் உலகம் ஒன்றை அவர்கள் கற்பித்தனர். பெருநிறுவனங்களைப் பின்தள்ளி அவ்வாண்டு டிசம்பரில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்னும் விருதை அது பெற்றது. ஆற்றல் இன்று கடையில் கிடைக்கும் சரக்காகிவிட்டது. எண்ணை எழுதி மனிதரை மறையச் செய்யும் கற்பனை எக்கடையிலும் கிடைப்பதன்று.

தொழில்நுட்பம் எவ்விடத்தில் இன்றியமையாதது என்பதற்கு நம் எழுத்தே சான்று. தமிழில் ‘கெ’ என எழுதும்போது கண்ணுக்குக் கொம்பு முன்னே நிற்கிறது. கணினியின் குறியீட்டு வரிசையிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னும் வருகின்றன. இவ்விடமாற்றத்தை அறியாத மென்பொருள் தமிழைச் சிதைத்துக் காட்டும். விளையாட்டு ஆக்கும் மென்பொருள்களில் இதனைச் சீர்செய்யத் தனி முயற்சி வேண்டியிருந்ததுண்டு. தமிழே திரையில் நேராக நிற்காதபோது தமிழ்க் கற்பனை எவ்வாறு நிற்கும்? ஆகவே தொழில்நுட்பத்தை இகழ்தல் பேதைமை. நமக்கு வேண்டுவது மினுக்கும் ஆற்றலன்று. நம் கற்பனைக்குத் தளமிடும் ஆற்றல்.

‘வெண்பா’ காட்டும் வழி

இம்முடிபுக்கு உரைகல்லாகத் தமிழரிடையே பிறந்த ஒரு படைப்பு உண்டு. கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980-களின் பிற்பகுதியில் தமிழகத்திலிருந்து கனடா சென்ற வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகியோரின் கதை அது. இலக்கண நூலார் வரையறுக்கும் பாத்திரமேற்கும் விளையாட்டு வகையில் அது அடங்காது. வாளில்லை, வலிமை எண்ணுமில்லை. ஆயினும் பிறிதோர் உயிராய் நிற்றல் என்னும் உயிர்நிலை அதில் முழுமையாய் உள்ளது.

தாய் எழுதித்தந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் சமைப்பதே ஆட்டம். இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது என்பதே ஒரு புதிர். அப்புதிரை விடுவிப்பவர் தம்மை அறியாமலே அயல்நாட்டில் தாயை நினைந்து தவிக்கும் மகளாகிவிடுகிறார். பின்னர் ஆட்டம் மகன் கவினின் கைக்கு மாறுகிறது. தாயின் எழுத்தைச் சரிவரப் படிக்க இயலாத பிள்ளையின் நாணத்தை ஆடுபவர் தாமே உணர்கிறார். அழிந்த வரி என்னும் ஒரே உத்தி, மொழி அழிவையும் தலைமுறைப் பிளவையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது. எளிய ஓவியமும், ஓரிரு மணி நேர ஆட்டமுமே கொண்ட இப்படைப்பு 2024-இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் விளையாட்டு விருதுகளில் சிறந்த முதற்படைப்பு எனத் தெரிவாயிற்று. அவ்வாண்டே தனிமுயற்சி விளையாட்டுகளுக்கான ஐஜிஎப் விழாவின் தலைமைப் பரிசையும் வென்றது. நம் அடுக்களை உலக அரங்கேறியது ஆற்றலாலன்று, அமைப்பாலே.

வஞ்சிக்கும் அமைப்பு

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கற்பனை அமைப்பு எனினும் அது நன்மைக்கே பயன்படும் என்பதில்லை. ஆற்றல் குறைந்த கைத்தொலைபேசியிலும் இலவசமாய் ஓடும் விளையாட்டுகள் இன்று பல. அவை இலவசம் என்பது வாசலில் மட்டுமே. உள்ளே சென்றபின் உடை வேண்டுமா, ஆயுதம் வேண்டுமா எனத் தூண்டி, கிடைக்குமோ கிடைக்காதோ என அறியாத மாயப்பெட்டிகளை விற்பர். சூதாட்டம் எனக் கருதி 2018-இல் பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைத் தடைசெய்தது. அவையும் திறமையாக அமைக்கப்பட்டவையே. மனித மனத்தின் பலவீனத்தை நுணுகி அறிந்தே அமைக்கப்பட்டவை. எனவே அமைப்பின் திறத்தை மட்டும் வியந்து நின்றுவிடாமல், அது ஆடுபவனின் தெரிவை வளர்க்கிறதா, அன்றி அவன் பையைத் துழாவுகிறதா என வினவுதல் ஆசிரியர் கடன்.

துண்டும் தகரமும்

முடிவாக, பூண்டுலோயாவில் நம் கையில் என்ன உண்டு என நோக்குவோம்.

பூச்சி சேர்த்த சிறுவனின் நினைவிலிருந்து ஜப்பானில் ஒரு விளையாட்டு பிறந்ததெனின், பூண்டுலோயாவின் பெயர் பூச்சியியலார் அறிந்த பெயர். எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன் இங்கே தோட்டத்தில் வாழ்ந்து செதிற்பூச்சிகளைத் தேடி ஆராய்ந்து, இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய தம் பெருநூலின் முதற்பகுதியை 1896-இல் வெளியிட்டார். தத்துப்பூச்சிகளுள் ஒரு பேரினத்துக்குப் ‘பூண்டுலோயா’ என்றே அறிவியற் பெயர் இடப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

இதனினும் ஆழமானது நம் முன்னோரின் வாழ்க்கை. பாத்திரமேற்கும் விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எண் எழுதிய தாள் ஒன்று உண்டு என்றோம். நம் முன்னோருக்கும் அவ்வாறொரு தாள் இருந்தது. அதன் பெயர் துண்டு. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிக்க இசைவு என எழுதிய அச்சீட்டின்றி அவன் வேறு தோட்டம் செல்ல முடியாது. எண் ஒன்றே அவன் ஊழாயிற்று. அம்முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1901-இல் தொடங்கிய தகர முறையில், கடல் கடந்து வருவோர் தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் தம் எண்ணும் பொறித்த தகரவில்லையை அணிந்து வந்தனர். 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் ஊழைப் பின்னாளுக்கு ஒத்திவைத்தது. எந்நாட்டுக்கு விண்ணப்பிப்பது எனக் குடும்பங்கள் இரவெல்லாம் கலங்கின. தந்தை ஒன்று எழுத, மகன் வேறொன்று எழுதினால் உறவு இரு நாடாகும். தெரிவும் அதன் மீளா விளைவும் இவ்வகை விளையாட்டின் உயிரெனின், இதனினும் கொடிய தெரிவை எக்கற்பனையாளன் வகுத்தான்?

இதனை ஆக்கிப் பார்ப்பதற்குப் பிளேஸ்டேஷன் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஒரு கொப்பித் தாள், ஒரு பென்சில், தாயக்கட்டை ஓரிணை போதும். வரலாற்றாசிரியர் ஒருவர் கதை சொல்லியாக அமர, மாணவர் அறுவர் ஒரு லயத்துக் குடும்பமாகலாம். துண்டில் எவ்வளவு கடன், கையில் எவ்வளவு அரிசி, யாருக்குக் காய்ச்சல் என எழுதிக்கொள்ளலாம். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடக்கலாம். நோயுற்றவரைச் சுமப்பதா, விட்டுச் செல்வதா என முடிவு செய்யலாம். அன்று காமன் கூத்தில் ஆடவியலாத பெண்பிள்ளை இன்று கங்காணியாகவும் அமரலாம், எதிர்த்து நிற்பவளாகவும் எழலாம். காகிதத்தில் செம்மையுற்ற விதிகளை, கணினி கற்ற பின்னாளில் அப்பிள்ளைகளே திரையில் ஏற்றுவர். அப்போது ஆற்றல் எவ்வளவு தேவை என்பதும் அவர்களுக்கே விளங்கும்.

கருவி வளரட்டும், அதனை நாம் வெறுப்பதற்கில்லை. ஆனால் கருவிக்காகக் கதை காத்திருத்தல் ஆகாது. துண்டிலிருந்த எண்ணை நினைவோடு கூறவல்ல முதியோர் ஆண்டுக்கு ஆண்டு அருகிவருகின்றனர். காமன் கூத்தின் முழுமையறிந்த வாத்தியார்களும் அவ்வாறே. இயந்திரம் மலிவாகும் நாளில், அதனுள் இடுவதற்கு நம்மிடம் ஒன்றும் எஞ்சாது போகுமாயின், நாம் விலை கொடுத்து வாங்குவது பிறர் வேடத்தையே.